பாவாடையைத் தலைவழியாகப் போடுங்கள்

எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்து, பாவாடைக்குள் காலை விடுவதற்காக வலது காலைத் தூக்கினேன். கவட்டையில், முன்பக்க எலும்புக்கு நடுவில், விறகைப் பிளக்க ஆப்பு வைத்து அடிப்பது போல ஒரு வலி. தூக்கிய காலைக் கீழே வைக்கவும் முடியவில்லை, மேலே கொண்டுபோகவும் முடியவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம், அரசலாற்றங்கரை. தலைப்பிரசவம் என்பதால் முன்கூட்டியே அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பழைய ஓட்டு வீடு, அதில் ஒவ்வொரு நிலைப்படியும் முக்கால் அடி உயரம். சின்ன வயதிலிருந்து தாண்டிக் குதித்த அந்தப் படிகளைப் பார்த்தாலே பயம் வர ஆரம்பித்தது. ராத்திரி புரண்டு படுக்க வேண்டுமென்றால் முதலில் விழித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் திரும்புவேன், அப்போது உள்ளே களுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் வலியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. எலும்பு உடைந்துவிட்டதா, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன் தெரியுமா.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தானே செய்யும்." செக்கப்புக்குப் போன இடத்திலும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லி அனுப்பினார்கள். அப்பாயி இன்னும் ஒரு படி மேலே போய், "குந்தி உக்காந்து வீட்டைக் கூட்டு, குனிஞ்சு கோலம் போடு, இடுப்பு விரிஞ்சு கொடுக்கும், சுகப்பிரசவம் ஆகும்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். நானும் ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தேன். அந்த வார முடிவில் அறையிலிருந்து கொல்லைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம்தான் கும்பகோணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தோம். அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரிந்த அன்று ராத்திரிதான் நான் அழாமல் தூங்கினேன். இடுப்பு எலும்பு ஒரே துண்டு கிடையாது. பின்னால் இரண்டு மூட்டு, முன்னால் ஒரு மூட்டு, மூன்றும் சேர்ந்து ஒரு வளையம் மாதிரி இருக்கிறது. கர்ப்பத்தில் உடம்பில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் சுரந்து அந்த மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களை இளகவைக்கிறது. முன்பக்க மூட்டில் சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கர்ப்பத்தில் அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடலாம். வயிறு பெரிதாகும்போது நாம் நிற்கும் விதமும் மாறிவிடும். இத்தனையும் சேர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசையாமல் ஒரு பக்கம் அதிகமாக இழுபடும்போது இந்த வலி வருகிறது. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது என்றார். குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சுகப்பிரசவத்துக்கும் தடை இல்லை.

"ஒரு கால்ல நிக்காதீங்க, ரெண்டு முட்டியையும் பிரிக்காதீங்க. இந்த ரெண்டை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

கேட்க என்னவோ சின்ன விஷயம். ஆனால் நாள் முழுக்க நாம் எத்தனை முறை ஒரு காலில் நிற்கிறோம் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். பாவாடையைத் தலைவழியாகப் போட ஆரம்பித்தேன். ஜட்டி போடுவதென்றால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டுதான். புரண்டு படுக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவில் இலவம்பஞ்சுத் தலையணையை இடுக்கிக்கொண்டு, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையாகத் திரும்புவது. வழுவழுப்பான நைட்டி போட்டால் இன்னும் சுலபம், பருத்தி நைட்டி விரிப்பில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். எழுந்திருக்கும்போது ஒருக்களித்து, இரண்டு காலையும் ஒன்றாகக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பாயில் படுப்பதை அன்றோடு விட்டேன்.

படி ஏறும்போது வலி குறைவான காலை முதலில் வைத்து, மற்ற காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் அடுத்த படி. நிலைப்படிக்கு அப்பா ஒரு வழி செய்தார். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, ஆடாமல் பலகை போட்டு, பாதி உயரத்துக்கு ஒரு படி கட்டிக்கொடுத்தார். கொல்லையில் இருந்தது குந்தி உட்காரும் கக்கூஸ், அதில் உட்கார்ந்து எழுவதுதான் இருப்பதிலேயே பெரிய கொடுமை. வயதானவர்களுக்கு வாங்குவார்களே, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி, அதைக் கும்பகோணத்திலிருந்து வாங்கிவந்து மேலே போட்டோம். வலியில் பாதி அன்றைக்கே குறைந்தது என்று சொன்னால் நம்புங்கள்.

பெல்ட் பற்றிச் சொல்ல வேண்டும். மெடிக்கலில் கேட்டால் பிரசவத்துக்குப் பிறகு வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான பெல்ட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அது வேறு. இந்த வலிக்கானது வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பைச் சுற்றி இறுக்கமாகப் பிடிக்கும் ஒடுக்கமான பெல்ட். பெல்விக் பெல்ட் என்றே கேளுங்கள். எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் கட்டிக் காட்டிய பிறகு போடுவதுதான் நல்லது. நான் நடக்கும்போது மட்டும் போட்டேன், படுக்கும்போது கழற்றிவிடுவேன். கூடவே சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார், அதை உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் தெரு முழுக்கச் சேறு. வழுக்கினால் கால் அகலும், கால் அகன்றால் உயிர் போகும். அதனால் செருப்பில்லாமல், குட்டிக் குட்டி அடியாக வைத்து நடந்தேன். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கிவர வேண்டும் என்று அப்பாயிக்கு ஆசை. பஸ் படி ஏற முடியாது என்பதால் ஆட்டோவில் போனோம். ஆட்டோவில் முதலில் பின்பக்கத்தை சீட்டில் வைத்து உட்கார்ந்து, அப்புறம் இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே திரும்ப வேண்டும், கீழே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டால் வழுக்கித் திரும்பலாம். பிராகாரத்தை ஒரே ஒரு முறைதான் சுற்றினேன். மீதி நேரம் தூணோரம் உட்கார்ந்திருந்தேன், அம்பாள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. மணையில் சம்மணம் போட்டு ஒன்றரை மணி நேரம் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாதான் கூடத்தில் எல்லோர் முன்னாலும், "எம் பொண்ணு நாற்காலியிலதான் உக்காருவா" என்றார். சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசும் என் அம்மா. அத்தை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அந்த மணையை என் காலுக்குக் கீழே தள்ளி வைத்தார். வளையல் போட வந்தவர்கள் கொஞ்சம் குனிந்து போட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி இடுப்புக்குப் பின்னால் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டே அம்மா சொன்னார். தம்பி வயிற்றில் இருந்தபோது அவருக்கும் இதே இடத்தில் இதே வலி. "தை மாசம், அறுப்பு நேரம். களத்துக்கும் வீட்டுக்கும் நடக்கும்போது கொல்லைச் சுவத்தைப் புடிச்சுப் புடிச்சுதான் வருவேன். சொன்னா வேலைக்கள்ளின்னு சொல்லுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல." அப்பாவிடம்கூடச் சொல்லவில்லையாம். இருபத்தைந்து வருடம் கழித்து முதல்முறையாக என்னிடம் சொல்கிறார். எனக்கு என் வலி மறந்தே போய்விட்டது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். கடையில் கேட்டதும் கொடுக்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தையும் பனிக்குட நீரையும் பாதிக்கலாம். டைக்ளோஃபினாக் கலந்த தைலத்தையும் நீங்களாகத் தேய்க்காதீர்கள். பாராசிட்டமால்கூட டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். இன்னொன்று, எல்லா வலியையும் இந்த வலி என்று நினைத்துவிடவும் கூடாது. விட்டு விட்டுச் சீராக வரும் வலி, ரத்தம், நீர் கசிவது, குழந்தையின் அசைவு குறைவது, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108 இருக்கிறது.

பிரசவத்துக்குப் போகும் முன் பிசியோதெரபிஸ்ட் ஒரு டேப்பை எடுத்து, வலிக்காமல் என் முட்டிகளை எவ்வளவு தூரம் விரிக்க முடிகிறது என்று அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அரசு மருத்துவமனையில் நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, ஒருக்களித்தே படுக்கவைத்தார், காலைத் தூக்க வேண்டியபோது இரண்டையும் ஒன்றாகவே தூக்கினார்கள். கார்த்திகையில் மகள் பிறந்தாள், சுகப்பிரசவம்.

வலி அன்றைக்கே போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு ஏழு வாரத்தில் விட்டது. பொங்கலன்று காலை பாவாடையை எப்போதும் போலத் தலைவழியாகப் போடப் போனவள், நிறுத்தி, மெதுவாக வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பெல்ட் இப்போது எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதம். எடுத்துக்கொண்டு போய் எங்கே கட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தது அம்மாதான்.