பன்னிரண்டாவது பெயர்

எங்கள் பள்ளிக் கிரிக்கெட் பயிற்சியாளர் சேர் காலமான செய்தி வந்த கிழமையே பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். சேரின் பயிற்சியைப் பற்றிப் பலர் எழுதுவார்கள். எனக்கோ அவரை நினைத்தால் கூடவே ஒரு பேஸ்போல் வீரரின் நினைவும் வருகிறது. ஜோன் மக்டொனால்ட். ரொறன்ரோவில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும்.

முதலில் சேர். வேம்படியில் பைகளைப் போட்டுவிட்டு ஓடுவதும், இருட்டும்வரை அவர் சொல்லும் ‘இன்னும் பத்து’ம் உங்களுக்குத் தெரிந்தவைதான். பிக் மட்ச் என்ற பெரிய பள்ளி ஆட்டத்தன்று காலைக் கூட்டத்தில் பதினொரு பெயர்களையும் வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பன்னிரண்டாவதாக, மாற்று ஆளாக என் பெயர் வந்தபோது மண்டபம் கலையத் தொடங்கிவிட்டது. அன்று பின்னேரம் ஒருவருக்குக் காயம்பட, அவருக்குப் பதிலாகக் கவரில் நின்றேன். எதிரணித் தலைவர் அடித்த பந்தைப் பாய்ந்து பிடித்தேன். ஸ்கோர் புத்தகத்தில் ‘கோட் சப்’, அதாவது மாற்று ஆள் பிடித்தது, என்று மட்டும் எழுதினார்கள். வகுப்பில் எனக்கு அதையே பட்டமாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகவே மனமில்லாமல் இருந்த நாட்கள் அவை.

எப்படியோ அது சேரின் காதுக்கு எட்டியிருக்கிறது. புத்தகத்தை வகுப்புக்கே கொண்டுவந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் என் பெயரை எழுதினார். “கட்ச் இவன்ர. புத்தகத்தில இருக்கவேணும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மக்டொனால்டைக் கிளீவ்லாந்து அணி 1996இல் தெரிவுசெய்தது, அணிகள் முறைவைத்துப் புதுவீரர்களை எடுக்கும் தெரிவில் பன்னிரண்டாவது சுற்றில். 1999இல் முதல் ஆட்டம். பதினாறு பருவங்களில் 28 ஹோம் ரன்தான் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி), அடிக்கும் சராசரியும் குறைவு, .233. இந்தக் கணக்கோடு ஒருவர் அத்தனை காலம் நின்றுபிடித்தார் என்றால் அது கையால்தான். ஷோர்ட்ஸ்டொப்பில், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நின்று, வலப்பக்கம் ஓடி, பின்கையால் பந்தைப் பொறுக்கி, நிலைகொள்ளாமலே முதல் பேஸுக்கு எறிவார். இங்குள்ள ரசிகர்கள் அவரைப் ‘பாதுகாப்புப் பிரதமர்’ என்றார்கள். 2005 நடுவில் ரொறன்ரோ அணியான ப்ளூ ஜேஸ் அவரை டிட்ரொயிட்டுக்குக் கொடுத்தது. பருவம் முடிந்ததும் திரும்ப வாங்கியது. 2011இல் அரிசோனா. 2013இல் மட்டும் பிற்ஸ்பேர்க், கிளீவ்லாந்து, பிலடெல்பியா, பொஸ்டன் என்று நான்கு அணிகள். அடுத்த வருடம் ஏஞ்சல்ஸ் அணியோடு முடிந்தது.

2010 யூனில் அவருடைய தந்தை இறந்துபோனார். செத்தவீடு முடிந்து அணிக்குத் திரும்பியவரை, தந்தையர் தினத்தன்று ஒன்பதாம் இன்னிங்ஸில் பட் பிடிக்க விட்டார்கள். அடித்தது ஹோம் ரன். உள்ளே வந்து இருந்து அழுதார். அந்த ஆட்டத்தில் ப்ளூ ஜேஸ் தோற்றது. எனக்கு ஞாபகம் நிற்பது அவர் அழுத முகம்தான்.

பேஸ்போலில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய ஸ்கோர் எழுதும் முறை. களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. ஷோர்ட்ஸ்டொப் (6) எடுத்து, செக்கண்ட் பேஸுக்குக் (4) கொடுத்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் (3) போனால் 6-4-3. பந்தைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. ஒருநாள் தொலைபேசியில் இதைச் சேருக்குச் சொன்னேன். மக்டொனால்ட் எத்தனை அடித்தார் என்று அவர் கேட்கவில்லை. “எறியேக்க கால எங்க வைக்கிறான்?” என்று கேட்டார். விளக்கினேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ இன்னும் ரெண்டு வருசம் நிண்டிருந்தா உனக்கும் வந்திருக்கும், தம்பி” என்றார்.

அந்த இரண்டு வருடம் எங்கள் அணியில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. கொழும்பு, இந்தியா, ஜேர்மனி என்று போய்விட்டோம். ஆள் சேராத பின்னேரங்களிலும் சேர் மைதானத்துக்கு வந்து நின்றாராம். பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

மலர்க் குழுவிடம் ஒரு வேண்டுகோள். கடைசிப் பக்கங்களில் வருடவாரியாக அணிகளைப் போடுகிறீர்கள். இம்முறை பன்னிரண்டாவது பெயரையும் சேருங்கள். என் காலத்துப் பெயர்களை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மற்ற வருடங்களுக்குத் தெரிந்தவர்கள் தாருங்கள்.