பழைய மாதிரி எஞ்சினும் கல்லடி உப்புக்காற்றும்

சித்தப்பாவின் பழைய 1:87 அளவு (அசலில் 87இல் ஒரு பங்கு) மாதிரிப் புகையிரத எஞ்சின், 12 வோல்ட் நேரோட்டம் கொடுத்தும் முன்விளக்கை எரியவிட்டபடி அசையாமல் நின்றது. விளக்கு எரிவதால் தண்டவாளத்திலிருந்து சக்கரங்கள் வழியாக மின்சாரம் உள்ளே வருகிறது என்பது உறுதி. ஆகவே கோளாறு மோட்டாரிலோ, அதற்குப் போகும் இணைப்பிலோ, பற்சக்கரங்களிலோதான் இருக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றினால், பழைய கிரீஸ் மெழுகுபோல் பற்களிடையே இறுகிக் கிடந்தது. ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் அதை வழித்தெடுத்து, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ்கள் உரசும் செப்புப் பட்டைகளில் படிந்த கரியையும் துடைத்து, அச்சு முனைகளுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெய் மட்டும் இட்டேன் (கூடினால் பிரஷ்களில் ஏறி மறுபடியும் கரி சேரும்). தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய அரத்தாளால் தேய்க்கச் சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. அதனால் விழும் கீறல்களில்தான் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்காற்றின் உப்பும் தூசும் குடியேறும். எஞ்சின் இப்போது ஓடுகிறது, வளைவில் மட்டும் சற்றுத் தயங்குகிறது.