அப்பாவின் கம்ப்யூட்டர்

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குடா."

மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு பிளஸ்ஸைத் தட்டச் சொன்னேன். பக்கம் பெரிதாகப் பெரிதாக, நாற்காலியில் நிமிர்ந்து சாய்ந்தார்.

பெரியவர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை. கண்ணாடி பவர் ஏறிவிட்டது என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் டெக்ஸ்ட் சைஸ். 225 சதவீதம் வரை இழுக்கலாம். பக்கத்திலேயே மவுஸ் பாயிண்டர். பெரிதாக்கி, சிவப்பு கொடுத்தேன். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அம்பைத் தேடுவது வயதான கண்ணுக்குப் பெரிய பாடு!

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் திணறுகிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் போய், வேண்டாததை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். எதுவும் அழியாது, தானாகத் திறக்காது, அவ்வளவுதான். ஆண்டிவைரஸை மட்டும் தொடாதீர்கள்.

ஆங்கில எழுத்தில் உச்சரிப்புப்படி தட்டினால் தமிழ் வருகிற தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்டும் விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அதையும் சேர்த்துக் கொடுக்கணும். அத்தைக்குத் தமிழிலேயே மெயில் எழுத வேண்டுமாம்.