காலை எட்டரை மணி மழை

மழைமானியில் சேர்ந்திருந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிவிட்டு, கண்மட்டத்துக்கு வரும்வரை குனிந்து பார்த்தார் வானிலை நிலைய அலுவலர்.

தண்ணீர் கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும். நடுவில் பள்ளமாக இருக்கும் இடத்தைத்தான் வாசிக்க வேண்டுமாம். பார்க்க வந்திருந்த என் மகளின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அப்படியே குனிந்து பார்க்க வைத்தார்.

கொழும்பு வானிலை அவதான நிலையம் 1907இல் வந்தது. உலகெங்கும் தரையிலும் கடலிலும் இப்படி அளந்து எழுதிவைத்த வெப்பநிலை எண்களால்தான், 2024ஆம் ஆண்டு 1850–1900 சராசரியைவிடச் சுமார் 1.55 பாகை செல்சியஸ் சூடு என்று உலக வளிமண்டலவியல் அமைப்பால் சொல்ல முடிந்தது.

வெப்பம் அநேகமாக எல்லா இடத்திலும் ஏறுகிறது.

மழை அப்படியில்லை. ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் குறையும். காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. இந்தப் போக்கைப் பிடிக்க நீண்ட, விடுபடாத பதிவு வேண்டும்.

எங்கட வடக்கில் சில நிலையங்களின் பதிவுகளில் போர்க்கால இடைவெளிகள் இருக்கின்றன. பக்கத்து நிலையங்களை வைத்து அதைக் கணிக்கலாம், சரி. ஆனால் அளந்ததற்கு அது ஈடாகாது. எனக்கு அதில் இன்றும் ஆற்றாமைதான்.