அட்வான்ஸ் குடுக்க முதல் காணிக்குக் கீழ என்ன இருக்கெண்டும் கேளுங்கோ

கொழும்பில காணி வாங்கிற எங்கட ஆக்கள் உறுதியைப் பாக்கிற அளவுக்கு மண்ணைப் பாக்கிறேல்ல. இதைக் கொஞ்சம் கோவத்தோடதான் எழுதுறன். நான் ஒரு ஆர்க்கிடெக்ட் ஒஃபிஸில பிளான் கீறிற வேலை, எனக்கு முன்னால வந்து இருக்கிற ஆக்கள் எல்லாரும் காணியை வாங்கிப் போட்டுத்தான் வருவினம், வாங்க முதல் ஒருத்தரும் வாறேல்ல. லோயரைப் பிடிச்சு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில 30 வருஷத்து எக்ஸ்ட்ராக்ட் எடுத்து, ஆர் ஆருக்கு எழுதினது, மோட்கேஜ் இருக்கா, வழக்கு கிழக்கு இருக்கா எண்டு ஒண்டு விடாமப் பாப்பினம். வாஸ்து பாப்பினம். ஸ்கூல் வேன் உள்ளுக்கு வருமா எண்டு பாப்பினம். அந்த 30 வருஷத்தில அந்த இடத்தில எவ்வளவு தண்ணி நிண்டது, ஆர் என்னத்தைக் கொண்டுவந்து கொட்டினது எண்டு மட்டும் கேக்கமாட்டினம்.

2018 ஒக்டோபரில டுபாயில நடந்த, ஈரநிலங்களைப் பாதுகாக்கிறதுக்கான ராம்சார் மாநாட்டில கொழும்புக்கு ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சது, முதல் தடவையா அதை வாங்கின 18 நகரங்களில எங்கடதும் ஒண்டு. பெருமையான விஷயம்தான். ஆனா அந்த ஈரநிலத்தின்ர ஓரத்தைத்தான் 10 பேர்ச் 12 பேர்ச்சா (ஒரு பேர்ச் கிட்டத்தட்ட 25 சதுர மீட்டர்) வெட்டி, கிரவல் போட்டு உயர்த்தி, நல்ல கேட் ஒண்டும் போட்டு, கொலன்னாவ, தலவத்துகொட, வத்தளை எண்டு எல்லாப் பக்கமும் வித்துக்கொண்டு இருக்கினம். அந்தப் பக்கத்துக் காணி எல்லாம் கூடாது எண்டு சொல்ல வரேல்ல, நல்ல கல்மண் காணியும் அதே ரோட்டிலயே இருக்கும், அடுத்த ஒழுங்கைக்குள்ள போனா சதுப்பு. அதாலதான் ஊர்ப்பேரை வைச்சு ஒண்டும் முடிவெடுக்க ஏலாது. சதுப்பில் கட்டினா பெரிய இடம் எண்டாலும் தண்ணி பாத்துக்கொண்டு நிக்காது, தியவன்னாவில இருக்கிற பாராளுமன்றத்துக்குள்ளயே 2010 நவம்பர் மழையில வெள்ளம் போனது ஞாபகம் இருக்கும்.

சதுப்புக்குக் கீழ இருக்கிறது பீட் மண். செடி கொடி புல் எல்லாம் தண்ணிக்குள்ள அரைகுறையா உக்கி ஆயிரக்கணக்கான வருஷமாச் சேந்த கறுப்பு மண், கையில எடுத்துப் பிழிஞ்சா தண்ணி வடியும். இதுக்கு மேல கிரவல் போட்டா காணி கெட்டியாயிடும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். கணக்கைப் பாருங்கோ. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிரவல் போட்டா ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.8 டொன் பாரம், அது ஒண்டரை ரெண்டு மாடி வீட்டின்ர பாரத்துக்குக் கிட்ட வருது. அதாவது நீங்க அத்திவாரம் வெட்ட முதலே அந்த மண்ணுக்கு மேல ஒரு வீடு ஏறி நிக்குது. பீட் உடன அமுங்காது, தண்ணி மெல்ல மெல்ல வெளியேற வெளியேற வருஷக் கணக்கா அமுங்கிக்கொண்டே இருக்கும். விக்கிறவர் மூண்டு மாசம் முதல்தான் நிரப்பியிருப்பார், அமுங்கிற முழுக் கூத்தும் உங்கட பேருக்கு உறுதி எழுதினாப் பிறகுதான் நடக்கும்.

சரி பைல் அடிச்சு, அதாவது கெட்டி நிலம் மட்டும் ஆழமாத் தூண் இறக்கிக் கட்டுவம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். அடிக்கலாம், கொழும்பில எத்தினை கட்டடம் பைல்லதான் நிக்குது. ஆனா சுத்திவர நிரப்பின மண் அமுங்கேக்க அது பைலையும் பிடிச்சுக் கீழ இழுக்கும், டிசைன் பண்ணிற எஞ்சினியருக்கு இது நிரப்பின காணி எண்டு தெரிஞ்சாத்தான் அந்த இழுவையையும் சேத்துக் கணக்குப் போடுவார். இன்னொண்டு, வீடு பைல்ல நிக்கும், போர்ட்டிகோவும் மதிலும் பைப்லைனும் வெறும் மண்ணில நிக்கும். கொஞ்ச வருஷம் போக வாசல்படிக்குக் கீழ இன்னொரு படி வைக்க வேண்டி வரும், கக்கூஸ் பைப் சுவரோட சேருற இடத்தில முறியும், அது முறிஞ்சது மணம் வந்தாப் பிறகுதான் தெரியும். தண்ணி மட்டம் மேல இருக்கிற காணியில கழிவுத் தண்ணியை மண்ணுக்குள்ள இறக்கிற சோக்கேஜ் பிட்டும் வேலை செய்யாது, மழைக்கு நிரம்பித் திரும்பி உள்ளுக்கு வரும். முத்துராஜவெலச் சதுப்புப் பக்கத்து மண்ணில இன்னொரு சிக்கலும் இருக்கு, அதில பைரைட் எண்ட கந்தகம் சேந்த கனிமம் இருக்கு, தண்ணிக்குள்ள கிடக்கும் மட்டும் சும்மா கிடக்கும், தோண்டி வெளியில போட்டுக் காத்துப் பட்டுதோ அசிட்டா மாறி கொங்கிரீட்டையும் கம்பியையும் அரிக்கத் தொடங்கும்.

இதை எல்லாம் கண்டுபிடிக்கிறது ரொக்கெட் சயன்ஸ் இல்லை. போர்ஹோல் எண்டு நிலத்தில ஆழமாத் துளை போட்டு, மண் எவ்வளவு இறுக்கம் எண்டு பாக்கிற எஸ்பிடி டெஸ்ட் எடுத்தாச் சரி. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்ரிமீட்டர் உயரத்தில இருந்து விழவிட்டு, கம்பி 30 சென்ரிமீட்டர் இறங்கிறதுக்கு எத்தினை அடி வேணும் எண்டு எண்ணுவினம். இறுகின மண்ணெண்டா 20, 30 எண்டு வரும். பீட்டில ஒண்டு ரெண்டு, சில இடத்தில சுத்தியலைத் தூக்க முதலே கம்பி தன்ர பாரத்திலயே இறங்கும். என்பிஆர்ஓ எண்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் செய்து குடுக்கும், பிரைவேட் லாப்பும் இருக்கு, ஒரு சின்னக் காணிக்கு அந்தச் செலவு ஒரு பேர்ச் காசு கூட வராது. இருந்தும் 12 பேர்ச் காசை எண்ணிக் குடுக்கிற கை இதுக்கு மட்டும் நீளாது.

கனடாவில இருக்கிற என்ட சித்தியின்ர மகன் போன வருஷம் வத்தளைப் பக்கம் ஒரு காணிப் படம் அனுப்பி "அக்கா பாருங்கோ, நல்ல மேடா இருக்கு, பக்கத்துக் காணியெல்லாம் பள்ளம்" எண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டான். அதுதானடா பிரச்சினை எண்டன். சுத்திவர எல்லாம் பள்ளமா இருக்கேக்க ஒரு காணி மட்டும் கேக் துண்டு மாதிரி மேல நிக்குதெண்டா அது தானா வளந்ததில்லை. கூகுள் ஏர்த்தில பழைய வருஷத்துப் படங்களைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பாத்தன், முதல் கிரவல் நிறம், அதுக்கு முதல் பச்சை, அதுக்கும் முதல் பச்சைக்கு நடுவில கறுப்பாத் தண்ணி. இந்த வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஸ்காபரோவில இருந்துகொண்டே அவனும் பாத்திருக்கலாம். பிறகு ஒரு நல்ல மழைக்கு அடுத்த நாள் நானும் என்ட மனுசனும் போய்ப் பாத்தம். எங்கட ஆக்கள் காணி பாக்கிறது பெப்ரவரி வெய்யிலில, தரகரும் அப்பதான் கூட்டிக்கொண்டு போவார். மே மாசமோ ஒக்டோபர் நவம்பரோ போங்கோ, ரோட்டில எவ்வளவு நேரம் தண்ணி நிக்குதெண்டு பாருங்கோ, பக்கத்து மதில் எந்தப் பக்கம் சாயுதெண்டு பாருங்கோ, பழைய வீட்டுச் சுவரில தண்ணி நிண்ட கோடு இருக்கும், பெயின்ட் அடிச்சாலும் ஒரு மூலையில தெரியும். வேலிக்கு அங்கால வெல் ஆத்தா மரம் காடா நிண்டா அது சதுப்பு எண்டு வேற ஆரும் சொல்லத் தேவையில்லை.

கிராம சேவகரிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ, வெள்ள நிவாரணம் எந்த எந்த வீட்டுக்குக் குடுத்ததெண்டு அவைக்குத் தெரியும். 2016 மே மாசமும் 2025 நவம்பரில டித்வாப் புயல் நேரமும் களனி கங்கை எதுமட்டும் வந்ததெண்டு அந்த இடத்துக் கடைக்காரரே கையால காட்டுவார். களனி கங்கையின்ர தண்ணி மட்டம் பாக்கிற நாகலகம் வீதி அளவுகோலில 5 அடி வந்தா வெள்ளம், 7 அடி தாண்டினா பெருவெள்ளம் எண்டு நீர்ப்பாசனத் திணைக்களம் வைச்சிருக்கிற கணக்கு, உங்கட காணிக்கு எத்தினை அடியில தண்ணி ஏறுதெண்டு தெரிஞ்சு வைச்சா ரேடியோவில சொல்லேக்க சாமானை எப்ப மேல தூக்கிறதெண்டாவது விளங்கும். காணி களனி வெள்ள அணைக்கு ஊர்ப் பக்கமா ஆத்துப் பக்கமா எண்டதையும் பாருங்கோ, அணைக்கும் ஆத்துக்கும் நடுவில காணி வாங்கிப்போட்டு பிறகு அரசாங்கத்தைப் பேசிப் பிரயோசனம் இல்லை.

உயர்த்திற காணியின்ர தண்ணி எங்க போகுதெண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. 10 பேர்ச்சை ஒரு மீட்டர் உயர்த்தினா முதல் அதில நிண்ட 250 கன மீட்டர் தண்ணி, அதாவது ஆயிரம் லீட்டர் டாங்கி 250 நிரப்பிற தண்ணி, பின்வீட்டுக்காரரிட்டப் போகுது. அவரும் உயர்த்துவார். கடைசியா உயர்த்தக் காசில்லாத ஆளின்ர வீட்டுக்குள்ள எல்லாற்ற தண்ணியும். சட்டம் இல்லாமல் இல்லை, பள்ளமான நிலம் நிரப்பக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின்ர அனுமதி வேணும், உறுதியில கும்புர எண்டு போட்டிருந்தா அது வயல், 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதை நிரப்பக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின்ர எழுத்து அனுமதி வேணும். பெரிய திட்டம் எண்டா சுற்றாடல் தாக்க மதிப்பீடும் செய்யோணும், 1993 வர்த்தமானிப்படி ஈரநிலம் 4 ஹெக்டேயருக்கு மேல நிரப்பினாத்தான் அது. 4 ஹெக்டேயர் எண்டா கிட்டத்தட்ட 1,580 பேர்ச். 10 பேர்ச் 10 பேர்ச்சா நூத்துக்கணக்கான பேர் தனித்தனியா நிரப்பினா ஒரு காணியும் அந்த எல்லைக்குக் கிட்டயும் வராது, ஆனா சதுப்பு முடிஞ்சிடும். என்னைக் கேட்டா ஓட்டை இங்கதான் இருக்கு. கடற்கரைப் பக்கம் வேற, கரையில இருந்து 300 மீட்டருக்குள்ள எண்டா கரையோரம் பேணல் திணைக்களத்திட்டப் போகோணும், வெள்ளவத்தை தெஹிவளைக்காரருக்கு அது தெரியும்.

தண்ணியை விட மோசம் என்னெண்டா குப்பை. மீதொட்டமுல்ல 2017 ஏப்ரல் 14, சித்திரை வருஷப்பிறப்பு அண்டைக்கு. 30க்கு மேல உயிர் போச்சு. எல்லாரும் குப்பைமலை சரிஞ்சது எண்டுதான் கதைக்கினம், ஆனா கீழ இருந்ததும் இதே பீட் மண்தான், மேல ஏத்தின பாரம் தாங்காமல் அது பக்கவாட்டில தள்ளுப்பட்டு, தள்ளியிருந்த வீடுகள் நிலத்தோட சேத்து நகந்தது. பழைய குப்பைமேட்டுக்கு மேல மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளுக்கு மீதேன் வருஷக் கணக்கா வந்துகொண்டே இருக்கும், வீட்டுத் தரைக்குக் கீழ சேந்தா நெருப்புப் பிடிக்கிற காஸ். பழைய பெற்றோல் ஷெட், பட்டறி உருக்கின இடம், கராஜ், பெயின்ட் ஃபாக்டரி இருந்த காணியெல்லாம் இப்ப அப்பார்ட்மெண்ட் கட்ட விக்குது, மேல நல்ல புல்லு முளைச்சிருக்கும். கிணத்துத் தண்ணியை ஈயம், எண்ணெய் இருக்கா எண்டு டெஸ்ட் பண்ணிப் பாக்காமல் அதில கை வைக்காதேங்கோ.

அமெரிக்காவில நயாகரா ஃபோல்ஸ் பக்கம் லவ் கனால் எண்டு ஒரு இடம். ஹூக்கர் கெமிக்கல் கொம்பனி 21,000 டொன்னுக்கு மேல கழிவைப் புதைச்சு மூடிப்போட்டு, 1953இல அந்தக் காணியை ஸ்கூல் போர்டுக்கு ஒரு டொலருக்கு எழுதிக் குடுத்தது. கீழ ரசாயனக் கழிவு இருக்கு, பிறகு என்ன நடந்தாலும் நாங்க பொறுப்பில்லை எண்டு உறுதியிலயே எழுதியும் இருந்தது. ஸ்கூல் கட்டினாங்கள், சுத்திவர வீடு வந்தது, 1978இல அவசரகாலம் அறிவிச்சு சனத்தை எழுப்பினாங்கள். 1980இல சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்ததுக்கு அது முக்கிய காரணம், இண்டைக்கு அங்க வர்த்தகக் காணி வாங்கிறவன் பழைய வரலாறு தேடாமல் காசு குடுக்காததுக்கும் அந்தச் சட்டம்தான் காரணம், வாங்கினவன்ர தலையிலயும் சுத்தம் பண்ணிற செலவு விழும்.

காணி சுத்தமா இருந்தாலும் பக்கத்தில என்ன இருக்கெண்டும் பாக்கோணும். கொஸ்கம சாலாவ ஆமி காம்பில ஆயுதக் கிடங்கு 2016 ஜூன் 5 வெடிச்சபோது சுத்திவர இருந்த வீடுகளின்ர நிலைமையை டீவியில பாத்திருப்பீங்கள்.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஹொலிடே வீடு கட்டப் போறவைக்கும் ஒண்டு. மலைநாட்டில என்பிஆர்ஓவின்ர மண்சரிவு அனுமதி இல்லாமல் பிளான் பாஸ் ஆகாது, அவையின்ர அபாய வலய மப்பும் பாக்கக் கிடைக்கும். அதை ஒரு தொல்லை மாதிரிக் கதைக்கிற ஆக்களைக் காணேக்க எனக்கு 2014 ஒக்டோபர் 29 மீரியாபெத்தைத் தோட்டத்து மண்சரிவுதான் ஞாபகம் வரும். அங்க முதலே எச்சரிக்கை குடுத்திருந்தது, ஆனா லயத்தில இருந்த சனத்துக்குப் போறதுக்கு வேற காணி ஒண்டு இருக்கேல்ல. எங்களுக்கு இடத்தைத் தெரிவு செய்யிற வசதி இருக்கு, இருந்தும் வியூ நல்லா இருக்கெண்டு அதே சரிவில போய் நிக்கிறம்.

தம்பியின்ர காணிக்கு வருவம். அட்வான்ஸுக்கு முதல் ஒரு போர்ஹோல் போடவிடுங்கோ எண்டு தரகர் மூலமாக் கேட்டம், இங்க ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்ல, அடுத்த ஆள் காசோட நிக்கிறார் எண்டு பதில் வந்தது. நிக்கட்டும் எண்டு விட்டாச்சு. இப்ப அவன் பாக்கிற மற்றக் காணிக்கு லோயரிட்ட முதலே சொல்லி வைச்சிருக்கு, அட்வான்ஸ் அக்ரிமெண்டில ரெண்டு வரி சேக்கச் சொல்லி: வடிகால் அனுமதி கிடைக்காட்டியோ, மண் ரிப்போர்ட்டில நிரப்பின மண்ணோ பீட்டோ எண்டு வந்தாலோ, அட்வான்ஸ் முழுக்கத் திருப்பித் தரோணும், அதுக்கு ஆறு கிழமை தவணை. லோயர் முதல் ஒரு மாதிரிப் பாத்தார், பிறகு எழுதித் தந்தார். விக்கிறவர் ஒரு பேச்சும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.