உடைத்துப் படித்த சி.கே.ஏ.

நேற்று மாலை சி.கே.ஏ. (Certified Kubernetes Administrator) ரிசல்ட் மெயில் வந்துவிட்டது. பல மெஷின்களில் கன்டெய்னர்களை, அதாவது தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிய அப்ளிகேஷன்களை, ஓட்டி மேய்க்கும் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருளை நிர்வகிப்பதற்கான சான்றிதழ் தேர்வு இது. பாஸ். 66 சதவீதம் எடுத்தால் போதும் என்கிற தேர்வில் எண்பதைத் தாண்டிவிட்டேன். "இந்தக் காலத்துல சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு?" என்று டீக்கடையில் தினமும் கேட்ட டீம் நண்பர்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். இதை எழுதும் வரை ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. போகட்டும்.

கேள்விகளைச் சொல்ல மாட்டேன், கமென்டில் கேட்காதீர்கள். வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போகிறோம். சிலபஸ் இதுதான்: டிரபிள்ஷூட்டிங் (கோளாறைத் தேடித் திருத்துவது) 30 சதவீதம், கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் மெஷின்களின் கூட்டம்) அமைப்பும் நிறுவுதலும் 25, நெட்வொர்க்கிங் 20, வொர்க்லோடு (அதில் ஓட்டும் அப்ளிகேஷன்கள்) 15, ஸ்டோரேஜ் 10. ஆனால் வீடியோ கோர்ஸ்கள் போகும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பாட் (குபெர்னெட்டிஸ் ஓட்டும் மிகச் சிறிய அலகு, உள்ளே கன்டெய்னர் இருக்கும்) என்றால் என்ன என்று ஆரம்பித்து, டிரபிள்ஷூட்டிங்குக்கு வரும்போது கேட்பவருக்குப் பாதி உயிர் போயிருக்கும். நான் அந்தக் கடைசி அத்தியாயத்தில்தான் ஆரம்பித்தேன். வீடியோ பார்த்துப் படிப்பது எனக்கு ஒத்துவராது. எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு, டெர்மினலைத் திறந்தால் கை நகராது.

லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு, கியூப்அட்மின் என்ற நிறுவும் கருவியை வைத்துக் கிளஸ்டர் கட்டுங்கள். மெஷினுக்கு 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும். ஒரே கமாண்டில் குட்டிக் கிளஸ்டர் தரும் மினிகியூப் வேண்டாம் என்பது என் கட்சி. எளிதுதான், ஆனால் தேர்வில் தொட வேண்டிய இடங்களையெல்லாம் அது தானே பார்த்துக்கொள்கிறது. கிளஸ்டர் ஓடியதும் ஒரு ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மெஷினின் பிரதி) எடுத்துவிட்டு, உடைக்க ஆரம்பியுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாமே உடைத்தால் எதை உடைத்தோம் என்று நமக்குத் தெரியும். அது பழக்கம் ஆகாது. அதனால் இந்த வேலையை என் தங்கையிடம் கொடுத்தேன். அவள் படிப்பது பி.காம்., குபெர்னெட்டிஸ் என்ற பெயரையே சரியாகச் சொல்ல வராது. அதுதான் வசதி. "இந்த ஃபைலைத் திற, ஏதாவது ஒரு இடத்தை மாற்று, சேவ் பண்ணு, என்கிட்ட சொல்லாதே." இதற்கு மேல் அவளுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. என் தயாரிப்பில் உருப்படியான பகுதி என்றால் இதுதான். மற்றதெல்லாம் துணைக்கு.

அவள் திறந்தது ஏபிஐ சர்வரின் ஸ்டாட்டிக் பாட் மேனிஃபெஸ்ட். ஏபிஐ சர்வர் என்பது கிளஸ்டருக்கு வரும் எல்லாக் கட்டளைகளையும் வாங்கும் வாசல், மேனிஃபெஸ்ட் என்பது அது எப்படி ஓட வேண்டும் என்று எழுதிய ஃபைல். ஒரு நாள் எட்சிடியின் (கிளஸ்டரின் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ்) போர்ட் 2379-ஐ 2397 ஆக்கிவிட்டாள். இன்னொரு நாள் ஒரு வரியின் முன்னால் இருந்த இடைவெளியை அழித்துவிட்டாள். எனக்குத் தெரிந்தது இரண்டு நாளும் ஒன்றுதான்: கியூப்சிடிஎல் (கிளஸ்டருக்குக் கட்டளை கொடுக்கும் டெர்மினல் கருவி) எதைக் கேட்டாலும் கனெக்ஷன் மறுக்கப்பட்டது என்கிற அதே ஒற்றை வரி. கியூப்சிடிஎல் மட்டுமே தெரிந்தவர் இந்த இடத்தில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அது பேசுவதே ஏபிஐ சர்வரிடம், அந்த ஏபிஐ சர்வரே படுத்துவிட்டது.

இரண்டையும் பிரித்துக் காட்டியது சிஆர்ஐசிடிஎல், மெஷினில் ஓடும் கன்டெய்னர்களை நேரடியாகப் பார்க்கும் கருவி. 'பிஎஸ்', கூடவே 'ஏ' ஃபிளாக் போட்டுப் பாருங்கள். ஏபிஐ சர்வர் கன்டெய்னர் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தால், கியூப்லெட் (ஒவ்வொரு மெஷினிலும் பாட்களை ஓட்டும் சர்வீஸ்) மேனிஃபெஸ்டைப் படித்துவிட்டது, உள்ளே கொடுத்த மதிப்பில்தான் தப்பு. அந்தக் கன்டெய்னரின் லாக்கைத் திறந்தால் 2397 என்று அதுவே சொல்லும். புதிதாகக் கன்டெய்னரே எழவில்லை என்றால் யாமல் (இடைவெளிகளை வைத்து அமையும், மேனிஃபெஸ்ட் எழுதும் வடிவம்) கெட்டிருக்கிறது, கியூப்லெட் அதைப் படிக்கவே இல்லை. அப்போது பார்க்க வேண்டியது ஜர்னல்சிடிஎல் (லினக்ஸ் சர்வீஸ்களின் லாக் காட்டும் கமாண்ட்) காட்டும் கியூப்லெட் லாக். கன்டெய்னர் எழுந்ததா இல்லையா, இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகிவிட்டால் கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நடத்தும் மையப் பகுதி) கோளாறுகளில் பாதிக்கு வழி தெரிந்துவிடும்.

அவள் வேறொரு நாள் கியூப்லெட்டின் கான்ஃபிக்கில் சான்றிதழ் ஃபைலின் பாதையில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டாள். கியூப்லெட் ரீஸ்டார்ட் ஆன சற்று நேரத்தில் நோடு (கிளஸ்டரில் உள்ள மெஷின்) 'நாட் ரெடி'. "அண்ணா, சொல்லிடட்டுமா?" என்று அவள் கேட்கக் கேட்க, வாயை மூடு என்று சொல்லிவிட்டுத் தேடினேன். முதலில் சர்வீஸ் ஓடுகிறதா என்று காட்டும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ், அப்புறம் லாக். திருத்தியதும் ரீஸ்டார்ட். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துவது) யூனிட் ஃபைலையே திருத்தியிருந்தால் அதற்கு முன் டீமன்-ரீலோடு.

இப்படி உடைத்ததில் தெரிந்துகொண்டவை, வரிசை எதுவும் இல்லை:

- மேனிஃபெஸ்டைத் திருத்தும் முன் நகல் எடுங்கள், ஆனால் அதே ஃபோல்டரில் வைக்காதீர்கள். புள்ளியில் தொடங்கும் பெயரைத் தவிர அங்கே இருக்கும் எல்லா ஃபைலையும் கியூப்லெட் படிக்கும். 'பேக்' என்று வால் ஒட்டினாலும் விடாது. திருத்தியது ஏறாமல் பழையதே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் முடியைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள்.
- குபெர்னெட்டிஸ் சர்வீஸ் (பாட்களுக்கு முன்னால் நிற்கும் நிலையான முகவரி) வேலை செய்யவில்லையா? முதலில் எண்ட்பாயின்ட், அதாவது அதன் பின்னால் இருக்கும் பாட்களின் முகவரிப் பட்டியல். காலியாக இருந்தால் செலக்டரும் பாட் லேபிளும் ஒத்துப்போகின்றனவா, பாட் ரெடியா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் டார்கெட் போர்ட் (பாட்டில் போய்ச் சேரும் போர்ட்) சரியா என்று பாருங்கள்.
- நெட்வொர்க் பாலிசியில் (எந்தப் பாட் எதோடு பேசலாம் என்கிற விதி) நேம்ஸ்பேஸ் செலக்டரும் பாட் செலக்டரும் ஒரே கோடுக்குள் (யாமலில் வரும் '-' குறி) வந்தால் இரண்டும் பொருந்த வேண்டும். தனித்தனிக் கோடு போட்டால் ஏதாவது ஒன்று போதும். ஒரு சின்னக் கோடு, பாதுகாப்பே தலைகீழ்.
- எக்ரெஸை (பாட்டிலிருந்து வெளியே போகும் போக்குவரத்து) அடைத்தால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் அடைபடும். போர்ட் 53-ஐத் திறந்துவிடுங்கள், யுடிபி, டிசிபி இரண்டிலும்.
- பிவிசி (ஸ்டோரேஜ் கேட்டுப் பாட் வைக்கும் விண்ணப்பம்) பெண்டிங்கில் நிற்பதெல்லாம் கோளாறு அல்ல. ஸ்டோரேஜ் கிளாஸ் 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' என்றால், பாட் வரும் வரை அது அப்படித்தான் நிற்கும்.
- அப்கிரேடில் ஒரு மைனர் வெர்ஷனைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஒவ்வொரு மைனர் வெர்ஷனுக்கும் பேக்கேஜ் ரெப்போ தனி. அந்த முகவரியை மாற்றாமல் புதிய வெர்ஷனைத் தேடினால் கிடைக்காது.

வேகத்தைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துகிறார்கள். நேரம் 2 மணிதான், உண்மை. ஆனால் டைப்பிங் வேகம் பெரிய விஷயமில்லை. யாமலைக் கையால் அடிக்காதீர்கள், அவ்வளவுதான். டிரை-ரன் (உண்மையில் எதையும் உருவாக்காமல் ஒத்திகை பார்ப்பது) போட்டு யாமலாக எடுத்துத் திருத்துங்கள். ஃபீல்டு பெயர் மறந்தால் எக்ஸ்பிளெயின் கமாண்டே போதும், டாக்குமென்டேஷன் பக்கத்தைப் புரட்டுவதைவிட வேகம். ஹெல்ம், கஸ்டமைஸ் (மேனிஃபெஸ்ட்களைத் தொகுத்து மாற்ற உதவும் கருவிகள்), கேட்வே ஏபிஐ (வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை வழிநடத்துவது) எல்லாம் 2025 பிப்ரவரி மாற்றத்தில் உள்ளே வந்தவை. பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். நான் இவற்றை அதிகம் படிக்கவில்லை, அதனால் அறிவுரையும் இல்லை.

தேர்வு நாள் விஷயங்கள்:

- பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முதல் கண்டம். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. அடையாள அட்டையில் இருப்பது எழுத்து மாறாமல் தேர்வுக்குப் பதிவு செய்யும் போர்ட்டலில் இருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி பார்க்காதீர்கள், இன்றே பாருங்கள்.
- ஒரே ஒரு மானிட்டர். மேஜை காலி. தண்ணீர் வேண்டுமென்றால் லேபிள் இல்லாத, உள்ளே தெரிகிற பாட்டிலில்.
- அறைக்குள் யாரும் வரக்கூடாது. அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள், காபி கொண்டுவந்து நிற்பார்.
- கரன்ட் போனாலும் நெட் நிற்காத ஏற்பாடு வேண்டும். இன்வெர்ட்டரில் ரவுட்டர் இருக்கிறதா பாருங்கள்.
- ஒவ்வொரு கேள்விக்கும் சொன்ன மெஷினுக்குள் எஸ்எஸ்ஹெச் (டெர்மினல் வழியே இன்னொரு மெஷினுக்குள் நுழைவது) செய்து போங்கள், முடிந்ததும் வெளியே வாருங்கள். தப்பான மெஷினில் சரியான விடை எழுதினால் மார்க் கிடையாது.
- டெர்மினலில் காப்பி, பேஸ்ட் இரண்டுக்கும் ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்த வேண்டும்.
- கட்டணத்தோடு கில்லர்.எஸ்ஹெச் தளத்தின் சிமுலேட்டர் (மாதிரித் தேர்வு) 2 முறை வரும், ஒவ்வொன்றும் 36 மணி நேரம் திறந்திருக்கும். நிஜத் தேர்வைவிடக் கடினம். மார்க்கைப் பார்த்து மனம் உடையாதீர்கள். வார இறுதிக்கு ஒன்று என்று வைத்து, விடைகளை வரிவரியாகப் படியுங்கள்.

ஆபீஸில் என்ன மாறியது என்று கேட்டால், சம்பளம் இன்னும் மாறவில்லை. ஆனால் ஆன்-காலில் (கோளாறு வந்தால் கூப்பிடும் முறை) ராத்திரி போன் அடிக்கும்போது எடுத்தவுடன் ரீஸ்டார்ட் செய்கிற கை இப்போது நிற்கிறது. கியூப்சிடிஎல்லில் டிஸ்க்ரைப் போட்டு ஈவென்ட்களைப் (நடந்தவற்றின் பதிவு) படிக்கிறேன், அப்புறம் லாக், அதற்குப் பிறகுதான் கை வைப்பது. போன வாரம் சீனியர் ஒருவர் "எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். தங்கை கதையைச் சொல்லவில்லை.

இந்த வழி எல்லோருக்கும் சரிப்படாது. லினக்ஸில் ஒரு சர்வீஸைத் தொடங்கி நிறுத்தத் தெரியாதவர் இப்படி உடைத்தால், உடைந்ததுதான் மிச்சமாகும். அவர்கள் சிஸ்டம்டி, ஃபைல் அனுமதிகள், அடிப்படை நெட்வொர்க்கிங் மூன்றையும் முடித்துவிட்டு வரட்டும். மற்றவர்கள் தேதியை முதலில் பதிவு செய்துவிட்டுப் படியுங்கள். தோற்றால் ஒரு மறுதேர்வு முதலில் கட்டிய கட்டணத்திலேயே அடக்கம். பாஸானால் செல்லுபடி 2 வருடம்.