இன்வெர்ட்டரும் சரி, கப்பாசிட்டரும் சரி

"உங்க இன்வெர்ட்டர் வர்ற வரைக்கும் என் கப்பாசிட்டர் நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார் சோலார் போட்ட இடத்தில் மின் பராமரிப்பைப் பார்க்கும் பெரியவர். இன்வெர்ட்டர் என்று அவர் சொன்னது, சோலார் பேனலின் டிசியை ஏசியாக்கும் கருவி. கையில் மேல் மூடி உப்பி, ஓரத்தில் எண்ணெய் கசிந்த கப்பாசிட்டர். "இன்வெர்ட்டர்ல ஹார்மோனிக்ஸ் 3 சதவீதம்தான் அண்ணே, 5 வரைக்கும் இருக்கலாம்" என்றேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் மடங்குகளாகக் கலக்கும் அதிர்வெண்கள்தான் ஹார்மோனிக்ஸ். மீட்டர் காட்டியதைத்தான் சொன்னேன். அப்படியும் அந்தப் பதில் உறுத்துகிறது.

சோலார் வந்ததும் பகலில் கிரிட்டிலிருந்து எடுக்கும் கிலோவாட் பாதியாகக் குறைந்தது. மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய, வேலையாக மாறாத ரியாக்டிவ் பவர் மட்டும் முன்போலவே கிரிட்டிலிருந்து வந்தது. எடுக்கும் மொத்த கேவிஏவில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்குதான் பவர் ஃபேக்டர்; அது விழாமல் என்ன செய்யும்? அதற்கான அபராதத்துக்குப் பயந்து, ரியாக்டிவ் பவர் தரும் கப்பாசிட்டர் தொகுப்பை, அதாவது பேங்கை, 250 கேவிஏஆரிலிருந்து (ரியாக்டிவ் பவரின் அலகு) 400 ஆக்கினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டிரான்ஸ்ஃபார்மர் 1000 கேவிஏ, இம்பிடன்ஸ் (உள்ளே இருக்கும் மின்தடுப்பு) 5 சதவீதம். ஷார்ட் சர்க்யூட் திறன் 20,000 கேவிஏ. அதை 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 7.07. அதாவது ஏழாவது ஹார்மோனிக்கிலேயே, 350 ஹெர்ட்ஸ் பக்கத்தில், ரெசொனன்ஸ்; டிரான்ஸ்ஃபார்மரும் கப்பாசிட்டரும் சேர்ந்து அங்கே வரும் சின்ன ஹார்மோனிக்கையும் பெருக்கிவிடும். 250 இருந்தபோது அது ஒன்பதுக்கு அருகே இருந்தது; மூன்று ஃபேஸ் கருவிகள் ஒன்பதாவதை அவ்வளவாக உண்டாக்காது, அதனால் பிழைத்தது. இன்வெர்ட்டர் விடும் ஏழாவது கொஞ்சம்தான். அங்கே ஏற்கெனவே ஓடும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களும் அதையேதான் விடுகின்றன. அப்படியிருக்க இன்வெர்ட்டரை மட்டும் குற்றவாளி ஆக்கலாமா? கூடாது. ஆனால் அது வராமல் இருந்தால் யாரும் பேங்கைப் பெரிதாக்கியிருக்க மாட்டார்கள். அந்த வகையில் பெரியவர் சொன்னது சரிதான்.

கப்பாசிட்டரோடு தொடராக 7 சதவீத ரியாக்டர் (கம்பிச் சுருள்) போடச் சொன்னேன். ட்யூனிங் 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஐந்தாவது ஹார்மோனிக்குக்கும் (250 ஹெர்ட்ஸ்) கீழே. "இன்வெர்ட்டரே ரியாக்டிவ் கொடுக்குமாமே, அப்புறம் இந்த பேங்க் எதுக்கு?" என்றார். உச்சி வெயிலில் முடியாது என்றேன். இதுவும் உண்மை. 100 கேவிஏ இன்வெர்ட்டர் முழுத் திறனில் ஓடினால் ரியாக்டிவுக்கு இடமே இல்லை. ஆனால் 80 கிலோவாட்டில் ஓடும்போது 60 கேவிஏஆர் தரும். நாளில் பெரும்பகுதி அது முழுத் திறனுக்கும் கீழேதானே ஓடுகிறது? அந்தக் கணக்கை அன்று நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ரியாக்டரைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் கப்பாசிட்டர் கேபிளிலும் மீட்டரின் கிளாம்ப் மாட்டித்தான் அளக்கிறேன். அதிலும் முழு நிம்மதி இல்லை. பேங்க் படிப்படியாகச் சேரும், விலகும். ஒவ்வொரு படிக்கும் ரெசொனன்ஸ் இடம் மாறும். நான் நிற்கிற நேரத்தில் எந்தப் படி ஓடுகிறதோ, அந்தப் படியின் கதைதான் மீட்டரில் வரும்.